எட்டுப் படையலும் எலும்புக்கூடுகளும்

ஹலோவீன் அன்று மாலை, ஹனோவரில் நவரத்தினத்தாரின் வீட்டுக் கதவில் ஓர் அறிவித்தல் ஏறியது. தமிழிலும் ஜேர்மனிலும் எழுதியிருந்தார். "இது தமிழர் இல்லம். பேய்த் திருவிழாவுக்கு இங்கே இடமில்லை." கீழே பெயர். பெயருக்குக் கீழே: தமிழ்ப் பண்பாட்டுக் காப்புக் கழகத்தின் நிறுவுநர், தலைவர், பொருளாளர். மூன்று பதவிகளையும் அவர் ஒருவரே சுமந்தார். போட்டிக்கு ஆள் வராததை ஏகமனதான தெரிவு என்று சொல்லிக்கொள்வார்.

அந்தக் கதவுக்கு உள்ளே அவருடைய மனைவி சிவமலர், இறந்துபோன ஒருத்திக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் அவளுடைய அக்கா யோகம் இறந்து அன்றைக்கு எட்டாம் நாள். பொழுதுபட்ட பிறகு, போனவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைத்து, அறைக்கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். சாப்பிட வருகிறவருக்கு மனிதரின் பேச்சுச் சத்தம் கூடாது.

சிவமலர் செத்தவீட்டுக்குப் போகவில்லை. கழகத்தின் ஆண்டு விழா சனிக்கிழமை. "நீ போனால் அவ்வளவு சனத்துக்கும் ஆர் சமைக்கிறது?" என்று நவரத்தினத்தார் கேட்டார். துடக்கோடு, சாவுத் தீட்டோடு, விழாவுக்குச் சமைக்கலாமோ என்று அவள் கேட்டதற்கு, துடக்கு ஆட்களுக்குத்தான், கழகத்துக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஆகவே அவள் அக்காவைக் கைபேசியில் வழியனுப்பினாள். அங்கே கைபேசியைப் பிடித்திருந்தவன் அக்காவின் முகத்தை விட்டுவிட்டு மலர்வளையங்களில் யார் யார் பெயர் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தான்.

மிச்சமிருந்தது இந்த எட்டாம் நாள் படையல் ஒன்றுதான். அக்கா ஒருதரம் வந்து, ஏதாவது கொஞ்சம் வாயில் வைத்துவிட்டுப் போனால் போதும். 'உன்னில கோவமில்லையடி' என்று சொன்ன மாதிரி இருக்கும்.

"இஞ்சேருங்கோ, வாசல் மணியை ஒரு அரைமணித்தியாலம் நிப்பாட்டி விடுங்கோவன்."

"மணியை நிப்பாட்டிறதோ? பயந்து ஒளிச்சிட்டான் எண்டெல்லோ சனம் நினைக்கும்! நான் வாசலில நிண்டு ஒவ்வொருத்தருக்கும் விளங்கப்படுத்தி அனுப்பிறன்."

"விளங்கப்படுத்தாதேங்கோ. சத்தமில்லாமல் அனுப்புங்கோ."

"அது ஏலாது. பண்பாடு சத்தமில்லாமல் வளராது."

சிவமலர் அடுப்படிக்குத் திரும்பினாள். பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ், மீன் பொரியல், முருங்கைக்காய்க் கறி, வெறும் தேத்தண்ணீர், ஒரு தட்டு நிறையப் பயத்தம் பணியாரம் என்று அக்காவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். பணியாரம் என்றால் அக்காவுக்கு உயிர். எத்தனை கறி இருந்தாலும் முதலில் அதில்தான் கை போகும். விளக்கேற்றி, "வா அக்கா" என்று மெல்லச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கையறையில் போய் இருந்தாள்.

மணி அடித்தது.

"பிள்ளைகளே," என்று நவரத்தினத்தார் ஜேர்மனில் தொடங்கினார். "எங்கள் இனத்தின் வரலாறு..." வாசலில் ஓர் எலும்புக்கூடும் இரண்டு சூனியக்காரிகளும் பொறுமையாகக் கேட்டார்கள். சங்க காலம் முடிந்ததும் எலும்புக்கூடு கேட்டது: "சரி. இனிப்பு இருக்கிறதா?"

அவர்களை அனுப்பினால் அடுத்த கூட்டம். மறுபடியும் வரலாறு, மறுபடியும் சங்க காலம். கீழே முற்றத்தில் பெடியள் வேறு வெடி கொளுத்தத் தொடங்கியிருந்தார்கள். வருடக் கடைசியில்தான் வெடி கொளுத்தலாம் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. முற்றத்துப் பெடியளுக்கு அதை ஒருவரும் வாசித்துக் காட்டியிருக்கவில்லை. ஒன்று மாடிப்படியிலேயே வெடித்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

சிவமலர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரில் போர் நடந்த செல்லடிக் காலத்துக்குப் பிறகு அக்காவுக்கு வெடிச்சத்தம் ஆகாது. வாணவேடிக்கை என்றால் கோயில் திருவிழாவுக்கே போகமாட்டாள். இந்தச் சத்தத்துக்குள் எப்படிப் படியேறி வருவாள்? பாதி வழியில் திரும்பிப் போயிருப்பாளோ?

படுக்கையறைக் கதவை ஒரு விரலளவு நீக்கி, "தெய்வமே எண்டு அதுகளைச் சத்தமில்லாமல் அனுப்புங்கோ" என்று கெஞ்சினாள்.

அடுத்த முறை மணி அடித்தபோது வரலாறு வரவில்லை. குசுகுசுப்பு, ஒரு சின்னச் சிரிப்பு, படியிறங்கும் கால்கள். அடுத்த இரண்டு மூன்று கூட்டங்களும் அப்படியே போயின. பிறகு மணியே அடிக்கவில்லை. வெடியும் ஓய்ந்தது. சிவமலர் கண்ணை மூடி நன்றாக அழுதாள். எட்டு நாளில் அன்றுதான் அப்படி அழ முடிந்தது.

பிறகு எழுந்து போய்ப் படையல் இருந்த அறைக்கதவைத் திறந்தாள்.

கூழ் வைத்தபடி இருந்தது. மீனும் கறியும் வைத்தபடி. பணியாரத் தட்டில் மட்டும் நாலு துகள்.

"இஞ்சேருங்கோ! அக்கா வந்திட்டா! ஓடி வாங்கோ, வந்து பாருங்கோ!"

நவரத்தினத்தார் வந்து பார்த்தார். தொண்டையைச் செருமினார். "ம்... வந்திருப்பா" என்றார். வாழ்நாளில் அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

சிவமலர் உடனே கோண்டாவிலுக்கு அழைப்பு எடுத்தாள். அக்காவின் ஒரே மகள் அஜிதா அங்கே தூங்காமல் இருந்தாள்.

"அம்மா வந்தவ பிள்ளை! பணியாரத்தை மட்டும் எடுத்திருக்கிறா. இவ்வளவு வெடிக்குள்ளயும் வந்தவ!"



"இஞ்ச நான் படைச்சது ஒண்டுமே தொடுபடேல்லை சித்தி. என்னோட என்ன கோவமோ எண்டு இவ்வளவு நேரமும் அழுதுகொண்டிருந்தனான்." அழுகைக்குள் அஜிதா சிரித்துவிட்டாள். "கொழும்புக்கே தனியப் போகப் பயப்பிடுற மனிசி. உங்களிட்ட ஜேர்மனிக்கு வந்திருக்கிறாவே!"

"ஓம் பிள்ளை. வந்தவ."

நவரத்தினத்தார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வீட்டு நடையில்தான் நின்றார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தான் செய்த ஒரு காரியம் உலகத்துக்குத் தெரியாமல் போவது அவருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. முகநூலைத் திறந்தார்.

கொஞ்ச நேரத்தில் அஜிதா திரும்ப எடுத்தாள். குரலில் இப்போது அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"சித்தி, சித்தப்பா ஒரு படம் போட்டிருக்கிறார். பாத்தனீங்களே?"

சிவமலர் பார்த்தாள். வாசலில் நவரத்தினத்தார் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். சுற்றிவர எலும்புக்கூடும் பிசாசும் வெள்ளைச் சீலை போர்த்த ஒரு குட்டிப் பேயும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பயத்தம் பணியாரம். பேயின் வாய் நிறைந்திருந்தது. கீழே எழுதியிருந்தது: "பேய்களையும் பண்பாட்டால் வென்றோம். ஜேர்மன் சிறார் எம் இனிப்பைச் சுவைத்த வரலாற்றுத் தருணம்."

"எங்கால எடுத்தனீங்கள் இந்தப் பணியாரத்தை?" என்று அவர் பக்கம் திரும்பினாள்.

"நீதானே சத்தமில்லாமல் அனுப்பச் சொன்னனி? கையில ஒண்டைக் குடுத்தன், போயிட்டுதுகள்." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "செத்த ஆக்கள் வந்து சாப்பிடுறவையே? இதெல்லாம் சும்மா ஒரு பண்பாடுதானே, சிவமலர்."

கைபேசி அவளுடைய கையில் திறந்தபடியே இருந்தது. அஜிதா எல்லாவற்றையும் கேட்டிருப்பாள்.

"அஜிதா," என்றாள் சிவமலர். "கூழும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு பிள்ளை. நான் பாத்தனான். கூழை ஒருத்தரும் எடுக்கேல்லை. அது அம்மாதான்."



"ஓம் சித்தி," என்றாள் அஜிதா, சின்னப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. "படுங்கோ."

சிவமலர் அறைக்குள் போய்க் கூழ்ச் சட்டியைக் குனிந்து பார்த்தாள். ஆறிப்போய், மேலே ஓரம் முதல் ஓரம் வரை ஆடை படிந்திருந்தது. அதில் ஒரு கீறல் இல்லை.