விரல் நுனியில் தக்காளி சிப்ஸ்

கொளஞ்சிநாதனுக்கு மஞ்சள் காமாலை வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் உப்பு ஜாடி பரண்மேல் ஏறிவிட்டது. புளியும் மிளகாயும் எண்ணெயும் அதற்குத் துணையாகப் போய்விட்டன. வேளாவேளைக்குக் கஞ்சி, காலையில் கீழாநெல்லி விழுது, அவ்வளவுதான். இந்தப் பத்தியத்தில் அவன் பெண்டாட்டி திரௌபதியும் மாட்டிக்கொண்டது அவளுடைய சொந்த வாயால்.

ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கம் நாட்டு வைத்தியம் பார்க்கும் சக்கரபாணிதான் மருந்து கொடுத்தார். "கஞ்சி வவுத்துல நின்னாத்தான் மருந்து நிக்கும். ஒரு மண்டலத்துக்கு உப்பு ஒரு கல்லு படக்கூடாது" என்றார். "உப்பில்லாம எவன் குடிப்பான்?" என்று கொளஞ்சிநாதன் அவர் எதிரிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டான். இதே காமாலையில் போன வருஷம் பத்தியத்தை முறித்து பிரியாணி தின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தவன் அவனுடைய அண்ணன். அந்தப் பயத்தில்தான் திரௌபதி வாயைத் திறந்தாள். "நீங்க குடிக்கிறதத்தான் நானும் குடிப்பேன். எனக்கும் உப்பு வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அங்கே காத்திருந்தவர்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. மகள் கவிப்ரியாவை மட்டும் சேத்தியாத்தோப்பில் தம்பி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். வளர்கிற பிள்ளைக்கு எதற்கு இந்தத் தண்டனை?

பெருமையெல்லாம் ஒரு வாரத்துக்குத்தான் தாங்கியது. திரௌபதிக்குப் பீங்கான் கம்பெனியில், கரண்டுப் பெட்டியில் மாட்டுகிற பீஸ் கட்டைகளைத் துடைக்கிற வேலை. அச்சிலிருந்து எடுத்த கட்டைகளின் ஓரப் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் வழித்துவிட்டுப் பலகையில் அடுக்க வேண்டும். பிறகுதான் அவை சூளைக்குப் போகும். நாளெல்லாம் ஈரத்தில் கிடந்து விரல் நுனிகள் வெடித்திருந்தன. முன்பெல்லாம் தூக்குவாளியில் இருக்கும் ஊறுகாயை நினைத்துக்கொண்டாவது கை ஓடும். இப்போது கம்பெனியிலும் கஞ்சி, வீட்டுக்குப் போனாலும் கஞ்சி. நின்றால் தூக்கம் வந்தது; படுத்தால் வரவில்லை. புருஷன் வேலைக்குப் போகாத வீட்டில் அவள் ஒருத்தியாவது நடமாடித்தானே ஆக வேண்டும்.

வீடு திரும்பும் வழியில், கம்பெனியை ஒட்டினாற்போல, கலியமூர்த்தியின் பெட்டிக்கடை. டி.வி. விளம்பரத்தில் வந்துகொண்டிருந்த சிப்ஸ் பாக்கெட்டுகள் அந்த வருஷம்தான் அவன் கடைக்கும் வந்து சரம் சரமாகத் தொங்கின. அந்தச் சாயங்காலம் திரௌபதியின் கால் அங்கே தானாக நின்றது.

"என்னாக்கா, தக்காளியா மசாலாவா?" என்றான் கலியமூர்த்தி, அவள் கேட்காமலேயே.

"பொண்ணுக்கு" என்றாள் அவள். பொண்ணு இருந்ததோ சேத்தியாத்தோப்பில்.

உடைந்த பீங்கானைக் கொட்டி வைக்கும் மேட்டுக்குப் பின்னால் போய் நின்று பாக்கெட்டைப் பிரித்தாள். புளிப்பும் பூண்டுமாக வாசனை முகத்தில் அடித்தது. காகிதம்போல மெலிந்த வறுவல். மேலே சிவப்புத் தூள். நாக்கில் வைத்ததும் முதலில் உப்பு வந்தது. பின்னால் புளிப்பு, அது அடங்குவதற்குள் காரம், கடைசியில் எங்கிருந்தோ கொஞ்சம் தித்திப்பு. கடித்தால் மொறுக்கென்று காதுக்குள்ளேயே கேட்டது. தக்காளி என்று பேர்தான். எந்தத் தோட்டத்துத் தக்காளியும் அப்படி மணக்காது. பொய் என்று தெரிந்தும் கை அடுத்ததுக்குப் போனது. பாக்கெட்டில் பாதி காற்று, வயிறு நிறைய வழியே இல்லை. ஆனாலும் செத்துக்கிடந்த உடம்பு முழுக்க விழித்துக்கொண்டது. விரல் வெடிப்புகளில் தூள் பட்டுச் சுரீரென்று எரிந்தது. அந்த எரிச்சல்கூட அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு விரல் விடாமல் சப்பி முடித்த பிறகுதான் அழுகை வந்தது.

கம்பெனிக் குழாயில் வாயைக் கொப்பளித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கொளஞ்சிநாதன் கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தான். அதுவரை ஒவ்வொரு வேளையும் அவனோடு மல்லுக்கட்டுத்தான். "நீ குடிச்சியா? வாயக் காட்டு" என்பான், இரண்டு மடக்கு குடித்துவிட்டு சொம்பைத் தள்ளுவான். அன்றைக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. அவள் சொம்பை நீட்டியதும் பக்கத்தில் உட்காரச் சொன்னான். அவளுடைய வலது கையைத் தன் இடது கையால் பிடித்துக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி சொம்புக் கஞ்சி முழுவதையும் குடித்து முடித்தான். சொம்பு காலியானதும் கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவள் கையைப் பிடித்தது தாலி கட்டின அன்றைக்கு மட்டும்தான். திரௌபதிக்குச் சந்தோஷமும் குற்றவுணர்ச்சியும் ஒன்றாக வந்தன. நோய் வந்தால்தான் இந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி கண்ணுக்குத் தெரிவாளோ என்று நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு சாயங்காலம்தோறும் சிப்ஸ். சாயங்காலம்தோறும் அவன் அவள் கையைப் பிடித்துக்கொள்வதும். நாளுக்கு நாள் கஞ்சி இறங்கியது. மறுபடி சக்கரபாணியிடம் போனபோது அவர் அவனுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "மஞ்ச எறங்கி நல்லா வெளுத்துருக்குது. எல்லாம் ஒம் பொண்டாட்டி இருக்கற பத்தியம்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். கொளஞ்சிநாதன் கூரையைப் பார்த்தான். திரௌபதிக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. தன் திருட்டுத்தனத்தால் இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்கிற பயமும் சேர்ந்துகொண்டது. இனிமேல் அந்தக் கடைப்பக்கமே தலைவைப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

மறுநாள் வேறு தெரு சுற்றி வீட்டுக்கு வந்தாள். அவன் வழக்கம்போல அவள் கையை வாங்கி முகத்துக்குக் கொண்டுபோனான். உடனே விட்டுவிட்டான். ஒரு மடக்கு குடித்தான். அதுவும் கட்டிலோரத்தில் வாந்தியாக வந்துவிட்டது. அதற்கடுத்த நாளும் அப்படியே. காலையில் கொடுத்த மருந்தும் நிற்கவில்லை. அவன் அண்ணனுக்கும் கடைசியில் இப்படித்தான் எதுவும் தங்காமல் போனது. வாந்தியைத் துடைத்துவிட்டு, ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே திரௌபதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கத் தெம்பில்லை. ஒளித்து வைக்கவும் தெம்பில்லை.

"ஏங்க, நான் பத்தியத்த முறிச்சிட்டேன். தெனம் சிப்ஸ் வாங்கித் தின்னேன். அந்தப் பாவந்தான் ஒங்களப் போட்டு வாட்டுது."

"தெரியும்" என்றான் கொளஞ்சிநாதன்.

"எப்பத்திலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து. எத்தன சோப்பு போட்டாலும் ஒன் வெரல் வெடிப்புல அந்த வாசன நிக்குது புள்ள. மொதல்ல கோவம் வந்துது. அப்பறம் அத மோந்துக்கிட்டே குடிச்சிப் பாத்தேன், கஞ்சி எறங்கிச்சி. இப்ப ரெண்டு நாளா வெறுங்கையோட வர்ற. நான் என்னாத்த மோந்துட்டுக் குடிக்கறது?"

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நேரே கோபத்துக்குத்தான் போனது.

"அப்ப என் கையப் புடிச்சதெல்லாம் அதுக்குத்தானா?"

கொளஞ்சிநாதனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அதுக்குத்தான்" என்றான்.

திரௌபதி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கலியமூர்த்தி விளக்கேற்றிவிட்டு ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தான். "பொண்ணுக்காக்கா?" என்றான். "இல்ல. எனக்குத்தான்" என்றாள். கடை வாசலில் நின்றே பிரித்துத் தின்றாள். அதே உப்பு, அதே புளிப்பு, அதே மொறுமொறுப்பு. ஒன்றும் ருசிக்கவில்லை. கீழாநெல்லி விழுதை விழுங்குகிறவன் முகம் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது அவள் முகம். பாக்கெட்டின் அடியிலிருந்த தூளை விரலில் ஒற்றி எடுத்தாள், சப்பவில்லை.

வீட்டுக்கு வந்து கஞ்சியைச் சூடாக்கி, சொம்பை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தான். வாந்தி வரவில்லை. சொம்பைக் கீழே வைத்தான்.

அவள் காத்திருந்தாள்.

"அதான் கஞ்சி தீந்துபோச்சே. கைய வுடுங்க" என்றாள்.

"இருக்கட்டும்" என்றான் கொளஞ்சிநாதன். சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

இழுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. நாளெல்லாம் கட்டை துடைத்த கை, அப்படியே கிடந்தது. உட்கார்ந்தபடியே அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது.