மூன்றாவது டம்ளர்

“அண்ணி, சனிக்கிழமையோட உங்க அரிசிக்கு நம்ம கடை ராக்குல இடம் கிடையாது. அந்த இடத்துல வெளிநாட்டு அரிசி வைக்கப் போறோம்.”

சொன்னது சூப்பர் மார்க்கெட் மேனேஜர், அரிசி மில்லுக்காரியின் சொந்தக் கொழுந்தன். திரும்பி வந்த அரிசிப் பை ஒன்றையும் அவள் காலடியில் வைத்தான். வாங்கிப்போன டீச்சர், சோறு குழைந்து கூழாகிறது என்று கடையில் நின்று சத்தம் போட்டாராம்.

மில்லுக்காரிக்குச் சுர்ரென்று ஏறியது. சுற்றுவட்டார வயல்களின் நெல் முழுக்க அவள் மில்லில்தான் அரைபடுகிறது. இந்த ராக்கும் போனால் மில்லைப் பூட்ட வேண்டியதுதான். “பாக்கெட் பளபளன்னு இருந்தாப் போதும், உள்ள தவிட்டப் போட்டாலும் வாங்குவாங்க!” என்று ஊரையே ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். பிறகு பையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு நேரே டீச்சர் வீட்டில் போய் இறங்கினாள்.

“சண்டைக்கு வரல டீச்சர். நீங்க எப்படிச் சமைக்கிறீங்கன்னு பாக்கணும்.”

டீச்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே குக்கரை எடுத்தார். அரிசி ஒரு டம்ளர். தண்ணீர் ஒன்று, இரண்டு, மூன்று...

“நிறுத்துங்க! மூணா?”

“வெளிநாட்டு அரிசிக்கு அப்படித்தானே வைப்பேன்?”

“அது கிடங்குல கிடந்து காஞ்ச பழைய அரிசி, தண்ணிய இழுக்கும். இது போன மாசம் அறுத்தது. ரெண்டே போதும்.”

குக்கரைத் திறந்தபோது சோறு பொலபொலவென்று இருந்தது. டீச்சர் வெறும் சோற்றையே ஒரு வாய் போட்டார். இன்னொரு வாயும் போட்டார். ஆனாலும் மனுஷிக்குத் தோற்பது பிடிக்காது போலிருக்கிறது, கேட்டாரே ஒரு கேள்வி!

“சரி, உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா என்ன அரிசி போடுவீங்க?”

மில்லுக்காரி வீட்டு அலமாரியின் மேல்தட்டில் விருந்தாளிகளுக்கென்றே வெளிநாட்டு அரிசியின் பளபள பாக்கெட் ஒன்று இருக்கிறது. வெட்கத்தில் அழுகையே வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கொழுந்தனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் மூன்றாம் முறையாகத் தட்டை நீட்டினான்.

“உங்க கைப்பக்குவமே தனி அண்ணி. நாங்க வைக்கப் போறதும் இந்த அரிசிதான்.”

“இது நீங்க தூக்கப் போற அரிசி தம்பி.”

மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான். “இங்க எப்பவும் சாப்பிடுறதுதானே?”

“இல்ல. இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் உங்களுக்கு என் அரிசியப் போடுறேன். ஊரைத் திட்டினேனே, முதல்ல என்னைத்தான் திட்டியிருக்கணும்.” அவள் விடவில்லை. “நாளைக்குக் கடை வாசல்ல அடுப்பு வைக்கிறேன். அளவு சொல்லி, சமைச்சு, வர்றவங்களுக்கெல்லாம் ஒரு வாய் குடுக்கிறேன். அப்புறமும் யாரும் வாங்கலன்னா நானே பைய இறக்கிடுறேன்.”

கொழுந்தன் தட்டில் கிடந்த கடைசிப் பருக்கையையும் வழித்து வாயில் போட்டான்.

“வாசல்ல வெயில் அடிக்கும் அண்ணி,” என்றான். “ராக்குக்குப் பக்கத்துலயே வச்சுக்கங்க.”