மூன்றாவது எஞ்சினின் பெடல்

ரயில்வே யார்டில் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளுவதற்கென்று ஒரு குட்டி டீசல் எஞ்சினை எங்கள் ஒர்க்‌ஷாப் நாலு வருடமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. அதில் நான் வரைந்தது ஒரே ஒரு சாமான், ஓட்டுநரின் காலடிப் பெடல். மிதித்திருக்கும் வரை எஞ்சின் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். ஓட்டுகிறவர் செத்துப்போனாலும் வண்டி நின்றுவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் எஞ்சின் சோதனையில் செத்தது ஓட்டுகிறவர் இல்லை. கீழே நின்று பெட்டியை மாட்டிக்கொண்டிருந்த அத்தான், என் அக்காவின் கணவர். ஓட்டியது நான். கால் கடுத்ததால் பத்துக் கிலோ இரும்புப் பிரேக் கட்டை ஒன்றைப் பெடல்மேல் வைத்துவிட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டிருந்தேன். அத்தான் "நிறுத்து" என்று கத்தியபோது, பெடலிலிருந்து எடுப்பதற்கு அங்கே என் கால் இல்லை.

எல்லோரும் ஓடி வருவதற்குள் கட்டையை மூலைக்கு நகர்த்திவிட்டேன். விசாரணைக் கமிட்டி இரண்டு மாதம் டீ குடித்து, ஸ்பிரிங் சரியில்லை என்று கண்டுபிடித்தது. அந்த அறிக்கையை டைப் அடித்தது ஆபீஸ் டைப்பிஸ்ட். என் அக்கா.

இரண்டாவது எஞ்சினில் காலை எடுத்த பிறகும் பெடல் மேலே வரவில்லை. மூன்றாவதற்குக் கெட்டி ஸ்பிரிங் போட்டேன். அதை மிதிக்க ஓட்டுநர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

காலை பத்து மணிக்குச் சோதனை. பிஸ்டன் என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கும் ஓட்டுநர், நூறு அடி போனதும் இரண்டு காலையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். எஞ்சின் போய்க்கொண்டே இருந்தது.

"சார், நான் மிதிக்கல!"

"அப்புறம் யாருய்யா மிதிக்கிறா?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே வரைஞ்சீங்க!"

தண்டவாளத்தின் முடிவில் முட்டி நின்று உறுமியது. டீசலை அடைத்தோம். உறுமல் அடங்கவில்லை. ஏறிப் பார்த்தேன். பெடல் தரையோடு படுத்திருந்தது. அதன் புது ரப்பரில், நீளமாக, லேசாக வளைந்து, ஒரு பிரேக் கட்டையின் அளவுக்குப் பள்ளம்.

"ஆளில்லாமலே ஓடுதுன்னு அறிக்கையில போட்டா நமக்குக் கவுரவம்தானே தம்பி?" என்றார் தலைமை இன்ஜினியர்.

ஆபீசுக்கு நடந்தேன். உறுமல் கூடவே வந்தது. அக்கா தாளைச் செருகித் தயாராக இருந்தாள்.

"வாடா. மறுபடியும் ஸ்பிரிங்தானே? பழசைப் பார்த்தே அடிச்சிடறேன்."

"இல்லக்கா. நான் சொல்றேன், அடி."

கால் கடுத்ததிலிருந்து சொன்னேன். அவள் விரல்கள் ஒரே ஒரு இடத்தில் நின்றன.

"கட்டை எத்தனை கிலோ?"

"பத்து."

அடித்தாள். ஜன்னலுக்கு வெளியே உறுமல் நின்றது. யார்டில் யாரோ கைதட்டினார்கள்.

மிச்சத்தையும் அடித்து முடித்து, தாளை உருவி, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

"கையெழுத்து போடு. அடியில கார்பன் காப்பி இருக்கு, அது எனக்கு. அதுலயும் போடு."