ஒற்றைச் செருப்பு வரிசை

வீடில்லாத நாங்கள் இரவு தங்கிவந்த பெண்கள் காப்பகத்தில் கட்டில் கொஞ்சம், ஆள் அதிகம். அதனால் வரிசைக்கு ஒரு சட்டம் இருந்தது: ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு வரிசையில். கதவு திறக்கும்வரை எங்கே வேண்டுமானாலும் நொண்டிக்கொண்டு போய் வரலாம், இடம் போகாது. வயதானவர்கள் கால்கடுக்க நிற்க வேண்டாமே என்று அதைக் கொண்டுவந்ததே என் அம்மாதான். மேலாளரம்மாகூட அதை மீறமாட்டார்.

அம்மாவுக்குப் பேருந்து நிலையத்தில் பெருக்கும் வேலை. எனக்குத் தையற்கடையில். நாயாய் அலைந்து ஒருவழியாக வாடகைக்கு ஓர் அறை பிடித்தோம். காலையில் மூட்டைகளை அங்கே வைத்துப் பூட்டினோம். சாவி அம்மாவின் இடுப்பில்.

சாயங்காலம் பூட்டிய கதவின் முன்னால் நான் நிற்கிறேன், அம்மாவைக் காணோம். எனக்கா தெரியாது? நேரே காப்பகத்துக்குப் போனேன். வரிசையில் அம்மாவின் தேய்ந்த செருப்பு. பக்கத்தில் அம்மா.

"உனக்கு மூள கழண்டுபோச்சா? சாவிய வச்சுக்கிட்டு இங்க என்ன வேல?"

அம்மா இடுப்பைத் தடவினாள். "அடப் பாவமே! காலு அதுபாட்டுக்கு வந்துருச்சுடி."

வரிசையே சிரித்தது. அம்மா செருப்பை எடுத்துக்கொள்ள, அடுத்திருந்த கீரைக்கார அக்காவுக்குக் கடைசிக் கட்டில் கிடைத்தது.

ஒருத்தி மட்டும் வெளியே நின்றாள். புதியவள். கையில் ஒரு தலையணை, வேறொன்றும் இல்லை.

"நான் மத்தியானமே வந்துட்டேங்க," என்றாள். இரண்டு செருப்பும் அவள் காலில்தான் இருந்தன. செருப்புச் சட்டத்தை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"இடமில்லம்மா," என்று மேலாளரம்மா கதவைச் சாத்தினார். அவரும் என்ன செய்வார்?

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. அவள் போட்ட சட்டமல்லவா? எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "நமக்கே ஒரு பாய்தான்," என்று பல்லைக் கடித்தேன்.

"நம்ம வீட்டுக்கு வா தாயி," என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமலே.

நம்ம வீடு! அந்த வார்த்தையை அம்மா வாயால் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கோபம் போன இடம் தெரியவில்லை. தெருவெல்லாம் தலை நிமிர்ந்து நடந்தேன். அம்மா அவளுக்கு அந்தச் செருப்புச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அம்மா பூட்டைத் திறந்தாள். புதியவள் ஒரு செருப்பை மட்டும் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு ஒதுங்கி நின்றாள்.

"ரெண்டையும் கழட்டிட்டு உள்ள வா," என்றாள் அம்மா. "இங்க வரிச கிடையாது."