தலையில் நிற்கும் ஒன்று

நான்கு, புள்ளி, பூஜ்யம், அவ்வளவுதான், அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, வெள்ளைத் திரையில் அந்த எண் தலைக்குக் குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி துப்புரவாக நிற்கிறது, பக்கத்தில் புதுமடை என்று நிரலின் புதுப்பெயர், பழைய பெயர் மடைமாற்றி, பழைய எண்ணுக்கு முன்னால் எப்போதும் ஒரு ஒன்று, ஒன்றை ஒட்டி ஒரு முக்காற்புள்ளி, அந்த ஒன்றை நாச்சிமுத்து இருபத்தொரு வருஷமாகச் சுமந்தது போதும், இன்றைக்கு இறக்கி வைத்துவிடலாம், இப்போது மணி மூன்றரை, ஐந்தரைக்கு நிரல் களஞ்சியத்தின் வாசலை அடைத்துவிடுவார்கள், அடைத்தால் அப்புறம் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பெயர் எதுவும் உள்ளே போகாது, அடுத்த வாரம் அவருக்கு அறுபது நிறைகிறது, மணிவிழா வேண்டாம், மாலை வேண்டாம், பந்தியும் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிற மனிதருக்குக் கொடுக்கச் சாந்தாமணியிடம் இருப்பது இது ஒன்றுதான், அவர் எண்ணெய் ஆட்டி வரச் செக்குக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

புருஷனும் பொண்டாட்டியும் அந்தப் பொட்டி முன்னால அப்படி என்னதான் பண்றீங்க என்று பக்கத்து வீட்டில் கேட்டால் அவள் சிரித்து மழுப்பிவிடுவாள், சொன்னால் நம்பமாட்டார்கள், லினக்ஸ் என்று உலகத்துக்கே பொதுவான ஒன்று, அதற்குள் ஆயிரம் ஆயிரமாகப் பொதிகள், கழுதை சுமந்தாலும் பொதி கம்ப்யூட்டர் சுமந்தாலும் பொதி என்பார் நாச்சிமுத்து, யாரோ எழுதிய நிரலை வாங்கி, ஓட்டிப் பார்த்து, ஓட்டை இருந்தால் அடைத்து, பேரும் பதிப்பெண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டால், எங்கெங்கோ வீடுகளில் இருக்கிற இயந்திரங்கள் அதை எடுத்துக்கொள்ளும், அதுவும் எண் கூடியிருந்தால்தான் எடுக்கும், குறைந்திருந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது, முன் வைத்த காலைப் பின் வைக்கத் தெரியாத ஜென்மங்கள். மடைமாற்றி செய்வது சின்ன வேலை, பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்த தமிழ் புது இயந்திரத்தில் திறந்தால் கோழி கிளறின குப்பையாகத் தெரியுமே, அதை வாங்கித் திரும்பத் தமிழாக்கிக் கொடுக்கும், கோயில் தலவரலாறு, சங்கத்துத் தீர்மானம், செத்துப்போன யாரோ எழுதி வைத்த கவிதை, எல்லாம் அது வழியாகத்தான் திரும்பி வருகின்றன. இரண்டாயிரத்து நான்கில் ஒரு நாள் இரண்டு புள்ளி மூன்று என்று ஏற வேண்டிய பதிப்பு, புள்ளி விட்டுப்போய் இருபத்துமூன்று என்று ஏறிவிட்டது. அடுத்தது இரண்டு புள்ளி நான்கு, இருபத்துமூன்று கையில் இருக்க இரண்டு எதற்கு என்று எல்லா இயந்திரமும் முகத்தைத் திருப்பிக்கொண்டன, அந்த நோய்க்கு ஒரே வைத்தியம்தான், எண்ணுக்கு முன்னால் ஒரு ஒன்றும் முக்காற்புள்ளியும் போட்டுவிட்டால் அது எல்லாவற்றையும்விடப் பெரிது என்று ஆகிவிடும், ஆனால் போட்டால் போட்டதுதான், ஆயுசுக்கும் எடுக்க முடியாது, பெயரை மாற்றி மறுபிறவி எடுத்தாலொழிய. ஆங்கிலத்தில் எபோக் என்கிற அதற்குக் கலைச்சொல் குழுவில் சகாப்தம் என்று பெயர் வைத்தார்கள், நாச்சிமுத்து தலையெழுத்து என்று வைத்தார், தலையில் போட்ட எழுத்துதானுங்களே, வேற எப்படிச் சொல்றது என்று கேட்டார்.

அந்தப் புள்ளி போனதால்தான் சாந்தாமணிக்குக் கல்யாணம் ஆனது, இதை வெளியில் சொன்னாலும் நம்பமாட்டார்கள், பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டிடிபி கடையில் அவள் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாள், வைகாசி முகூர்த்தம் என்றால் ஒரு நாளைக்குப் பதினாறு பத்திரிகை, ஊரார் கல்யாணம் எல்லாம் அவள் விரல் வழியாகப் போயிற்று, அவளுக்கு முப்பது, பழைய பத்திரிகைகளைப் புது எழுத்துக்கு மாற்றத்தான் மடைமாற்றியைத் தேடிப் பிடித்தாள், பிடித்தவள் விடவில்லை, சின்னச் சின்னத் திருத்தம் செய்து உடுமலைப் பாலிடெக்னிக்கில் லேப் பார்த்துக்கொண்டிருந்த நாச்சிமுத்துவுக்கு அனுப்புவாள், ஐயா வணக்கம், இத்துடன் இணைத்துள்ளேன், இப்படிக்கு, அவர் கையெழுத்திட்டு ஏற்றுவார், இவளுக்கு அப்போது ஏற்றுகிற உரிமை கிடையாது, அந்த இருபத்துமூன்றைப் பார்த்த அன்றைக்கு ஐயாவாவது வணக்கமாவது, எந்தப் புண்ணியவான் புள்ளியை விழுங்கியது, கண்ணைக் கடன் கொடுத்துவிட்டா வேலை பார்ப்பது என்று எழுதித் தள்ளிவிட்டாள், பதில் ஒரே வரி, என்ற தப்புத்தானுங்க, மன்னிச்சுக்குங்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் ஒரு ஆள், காலரில் மஞ்சள் மங்கின வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு பூவன்பழம், புள்ளிய முழுங்குனது நாந்தானுங்க, நேர்லயும் நாலு வார்த்தை வெய்யோணும்னா வெஞ்சுபோடுங்க, அவள் வைய முடியாமல் சிரித்தாள், இப்போதும் சிரிக்கிறாள், இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அந்தச் சட்டையின் காலர் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அப்புறம் வீட்டில், குழம்பில் உப்புக் கூடிற்று என்று அவர் வாயைத் திறந்தால் போதும், ஆமாங்க, புள்ளிய முழுங்குன வாய்க்கு உப்புத்தான் உறைக்குதாக்கும், குடையை மறந்து வந்தால், அது உங்க தலையெழுத்துங்க, வருஷத்துக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பாள், அவர் ஒரு நாளும் கோபித்ததில்லை, அம்மிணிக்கு வெய்யறக்கு ஒரு காரணம் வேணுமல்லோ என்பார், எண்ணெய் வைத்த மீசைக்குள் ஒரு சிரிப்பு. ஆனால் வீட்டுக்குள் வைவது வேறு, போன தை மாதம் கோயம்புத்தூர்க் கூட்டத்தில் மேடையில் ஒருவர் கவனக்குறைவுக்கு உதாரணம் என்று மடைமாற்றியின் எண்ணைப் பெரிய திரையில் போட்டார், ஒரு சோம்பேறி விட்ட ஒரு புள்ளி, இன்னும் அந்தப் பொதியை விட்டுப் போகவில்லை பாருங்கள் என்றார், முந்நூறு பேர் சிரித்தார்கள், நாச்சிமுத்து பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கி, அது நாந்தானுங்க என்றார், இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், சாந்தாமணி மட்டும் சிரிக்கவில்லை, நான் சொல்லலாம், இவர்கள் யார் சொல்வதற்கு, அன்றைக்குப் பேருந்தில் வரும்போதே தீர்மானித்துவிட்டாள், இந்த ஒன்றை எடுக்காமல் விடுவதில்லை.

எல்லாம் தயார், ஒரு கடிதம்தான் பாக்கி, நிரலை முதன்முதலில் எழுதிய மலேசியக் கிள்ளான்காரர் இதை யாரும் பயன்படுத்தலாம் என்று அந்தக் காலத்தில் எழுதிக்கொடுத்த கடிதம், புதுப்பெயரில் ஏற்ற அதைச் சேர்க்க வேண்டும், நாச்சிமுத்து எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை, பழைய மின்னஞ்சல் எல்லாம் ஒரு வன்வட்டில் மூட்டை கட்டி வைத்திருக்கிறார், அதைப் பிரித்து அந்த வருஷத்தைத் தேடுகிறாள், அவருக்கு வந்தது, அவர் அனுப்பியது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன, கிள்ளான்காரர் கிடைத்துவிட்டார், நல்லது, அவருக்குக் கீழே ஒரு பெயர், சாந்தாமணி, பொள்ளாச்சி, அட, நான் எழுதியது, ஐயா வணக்கம், 2.3 பொதியைக் கட்டி இணைத்துள்ளேன், முகூர்த்த நெருக்கடி, மின்சாரமும் போய்ப் போய் வருகிறது, பிழையிருந்தால் பொறுத்தருள்க, எவ்வளவு பவ்யம் என்று அவளுக்கே சிரிப்பு வருகிறது, இணைப்பைத் திறக்கிறாள், சும்மாதான் திறக்கிறாள், பத்திரிகைக்கடையில் உட்கார்ந்திருந்த அந்த முப்பது வயதுக்காரியின் கைவேலையைப் பார்க்கலாமே என்று, பார்க்கிறாள், பதிப்பெண் என்ற இடத்தில் இருபத்துமூன்று என்று இருக்கிறது, இரண்டு, மூன்று, நடுவில் ஒன்றுமில்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்க்கிறாள், புள்ளி இல்லை.

அவர் விழுங்கவில்லை, அவர் கையெழுத்து மட்டும்தான் போட்டார், விழுங்கினது இவள், விழுங்கிவிட்டு மறுநாளே எந்தப் புண்ணியவான் என்று கேட்டவளும் இவள், அவர் இந்த இணைப்பைத் திறந்து பார்த்திருப்பாரே, பார்த்த பிறகுதானே அந்த ஒரு வரியை எழுதியிருப்பார், ஏன் சொல்லவில்லை, ஏன் இருபத்தொரு வருஷம் சொல்லவில்லை, அவள் கீழே தேடிக்கொண்டே போகிறாள், நான்கு மாதம் கழித்து ஒரு கடிதம், சாந்தாமணிக்கு ஏற்றும் உரிமை கொடுக்கலாமா என்று களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்ச்சுக்கல்காரர் ஒருவர் நாச்சிமுத்துவைக் கேட்டிருக்கிறார், இந்தப் பெண் கவனமானவரா, அவர் பதில் எழுதியிருக்கிறார், என்னைவிடக் கவனமானவர், நான் விட்ட புள்ளியை மறுநாளே கண்டுபிடித்து என்னைக் கடிந்துகொண்டவர், இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த ஒரு கடிதத்தில்தான் அவளுக்கு உரிமை கிடைத்தது, முதல் பொதியைத் தன் கையெழுத்தில் ஏற்றிய அன்றைக்குக் கடையில் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தாள், கடைக்கு வந்திருந்த அவர் ஒன்று எடுத்துப் பிட்டுப் பாதியை அவளிடமே கொடுத்தார், அப்போதும் சொல்லவில்லை, கோயம்புத்தூரில் முந்நூறு பேர் சிரித்தபோது பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாள், அப்போதும் சொல்லவில்லை, பாவி மனுஷன், கல்லுளிமங்கன், உப்புக்கும் குடைக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டு, சாந்தாமணி அழுகிறாள், கூடவே சிரிப்பும் முட்டுகிறது, இந்த மனிதரை என்ன செய்வது என்று தெரியவில்லை, இத்தனை பிரியம் அவர்மேல் இருக்கிறது என்று அவளுக்கே இப்போதுதான் தெரிகிறது.

மணி நாலே முக்கால். புதுமடை இன்னும் அங்கேயே நிற்கிறது, நான்கு புள்ளி பூஜ்யம், ஏற்றிவிட்டால் ஒன்று போய்விடும், யாரும் இனி கேட்கமாட்டார்கள், ஆனால் அவர்மேல் விழுந்த பேச்சு அப்படியே இருக்கும், அழிந்துபோவது இவள் செய்த தப்பு மட்டும்தான், கொடுக்க நினைத்தது அவருக்கு, ஆதாயம் இவளுக்கு, இதென்ன பரிசு, அந்த வெறும் எண்ணைப் பார்க்கப் பார்க்க நெற்றியில் பொட்டில்லாத மாதிரிகூட இருக்கிறது, ச்சே, என்ன நினைப்பு, அவள் புதுமடையை அப்படியே அழித்தாள், பழைய மடைமாற்றியைத் திறந்து ஒன்றைப் போட்டு, முக்காற்புள்ளியைப் போட்டு, நான்கு புள்ளி பூஜ்யம் என்று எழுதினாள், கீழே மாற்றக்குறிப்பு எழுதுகிற இடம், என்ன மாறியது என்று உலகத்துக்குச் சொல்கிற இடம், அதில் எழுதினாள், எண்ணின் தலையில் உள்ள ஒன்றுக்குக் காரணம் 2004இல் புள்ளியை விட்ட சாந்தாமணி, இதுவரை பழி சுமந்தவர் நாச்சிமுத்து, இதை இன்றுதான் அறிந்தேன்.

எண்ணெய்த் தூக்கோடு அவர் உள்ளே வருகிறார், மேலெல்லாம் கொப்பரை வாசம், என்னம்மிணி கண்ணு செவந்திருக்குது, ஒண்ணுமில்லீங்க, இதொண்ணு ஏத்தோணும், நான் கையெழுத்துப் போடறக்கு முன்னால ஒருக்காப் பாத்துப்போடுங்க, அவர் கண்ணாடியை மேலே தூக்கி, கீழே இறக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறார், இதையெதுக்கு இப்பக் கெளறிக்கிட்டு என்கிறார், ஏனுங்க சொல்லல, அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்லோ, என்னத்தச் சொல்றது, நீ அத்தனை வேகமா வெஞ்சு எழுதியிருந்தே, அதப் படிக்கையில எனக்கு நல்லா இருந்துச்சு, உன்ற தப்புத்தான்னு சொல்லிப்போட்டா அப்புறம் நீ எங்க எனக்கு எழுதப்போற, அதெல்லாஞ் சரிங்க, கோயம்புத்தூர்ல அத்தனை பேரு சிரிச்சாங்களே, சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க, பாக்காமக் கையெழுத்துப் போட்டவன் நாந்தான, நகரு, அவளைத் தள்ளி உட்காரச் சொல்லி, இரண்டே விரலால் தட்டித் தட்டி அவள் குறிப்புக்குக் கீழே ஒரு வரி சேர்க்கிறார், பார்க்காமல் கையெழுத்திட்டது நாச்சிமுத்து.

ஐந்து பத்து. உங்களுக்காக இந்த ஒண்ண எடுத்துப்போடலாம்னு இருந்தனுங்க, அறுபதுக்கு, என்கிறாள், அவர் திரையில் அந்த எண்ணின் தலையைத் தொட்டுக் காட்டுகிறார், எண்ணெய் விரல் அங்கே ஒரு பிசுக்குக் கோட்டைப் போடுகிறது, எதுக்கு எடுக்கோணும், போனது ஒரு புள்ளி அம்மிணி, வந்தது பாரு, ரெண்டு புள்ளி, அவள் பார்க்கிறாள், இருபத்தொரு வருஷமாகப் பார்த்த அதே முக்காற்புள்ளிதான், ஒன்றுக்குப் பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக, நெருங்கி நிற்கின்றன இரண்டும், ஏற்றலாமா என்று திரை கேட்டுக்கொண்டிருக்கிறது, சாந்தாமணி ஆமாம் என்று அழுத்தினாள்.