ஆறு பட்டனுக்கு வெளிச்சம்

முத்திருளனுக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் எதுவும் கிடையாது. நம்பாதவர்கள் அவனையே கேட்டுக்கொள்ளலாம். காளவாசல் வட்டாரத்தில் கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் கலர் பல்பு கோத்த சீரியல் செட் கட்டுகிறவன் அவன். அந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்வான், பொய் சொல்லக்கூடாது. வம்பு என்னவென்றால், மற்ற எந்த வேலையைப் பற்றிக் கேட்டாலும் அவன் வாயிலிருந்து முதலில் விழுகிற சொல் 'தெரியும்' என்பதுதான். கேட்டவர் கேள்வியை முடிப்பதற்குள் அது விழுந்துவிடும். மூளைக்குத் தகவல் போவது அதற்குப் பிறகு.

குடும்பத்தைப் பிரித்ததும் அந்தச் சொல்தான். மனைவி தங்கப்பொண்ணு தையல் மிஷின் வைத்து அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். நூல் அடிக்கடி அறுந்துபோகிறது என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "தெரியும், தெரியும், சின்ன வேலை" என்று உட்கார்ந்தான் முத்திருளன். பிரித்தது அரைமணி நேரம், மாட்டப் பார்த்தது நாலு நாள். ஐந்தாம் நாள், ஒரு தாம்பாளம் நிறையக் கிடந்த உதிரிகளைப் பார்த்துக்கொண்டே, "இந்த மிஷினச் செஞ்சவன் சரியில்ல புள்ள" என்றான். அவள் துணிமணியைச் சுருட்டிக்கொண்டு உசிலம்பட்டியிலிருந்த அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மூன்று மாசம் ஓடிவிட்டது. சோறு அவனே பொங்கினான். அதையும் தெரியும் என்றுதான் ஆரம்பித்தான், பட்டது வயிறு. ஆனால் வயிற்றைவிட, சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் திட்டக்கூட ஆள் இல்லாததுதான் அவனைக் கொன்றது.

எண்பத்தாறாம் வருஷம் அது. செருப்புக் கடை வைத்திருந்த உமர் பாரூக், அதை மூடிவிட்டு அதே இடத்தில் வீடியோ கேம் கடை போட்டார். பம்பாயிலிருந்து ஒரு பழைய மிஷின் லாரியில் வந்து இறங்கியது. பீரோ உயரம் இருக்கும். நடுவில் டி.வி. மாதிரி ஒரு திரை, அதன் கீழே ஒரு கைப்பிடி, கண்ணாடி மாதிரி ஆறு பட்டன். காசு போட்டால் திரையில் விமானம் பறக்கும், பட்டனை அமுக்கினால் சுடும். பட்டனுக்குள் இருந்த குட்டி பல்பு ஆறும் செத்துப் போயிருந்தன. பையன்கள் குத்துகிற குத்துக்கு பல்பு தாங்காது, எல்.இ.டி. போட்டுக்கொள் என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருந்தார். படம் தெளிவாகத் தெரியக் கடையைக் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கியிருந்ததால், பட்டன் எரியாவிட்டால் கை எங்கே போகிறதென்றே தெரியாது.

"எல்.இ.டி. போடத் தெரியுமா மாப்ள?" என்று கேட்டார் உமர் பாரூக்.

"தெரியும் பாய்."

டேப்ரிக்கார்டரில் எரியும் சிவப்புப் புள்ளியைத் தவிர வேறு எந்த எல்.இ.டி.யையும் அவன் பார்த்ததில்லை.

"நல்லபடியாப் போட்டுட்டேன்னா கடைக்கு நீயே மெக்கானிக்கா இருந்துக்க. மாசச் சம்பளம். இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிஞ்சு கடை தொறப்பு."

மாசச் சம்பளம் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், இன்லாண்ட் லெட்டர் வாங்கித் தங்கப்பொண்ணுக்கு எழுதிவிட்டான். மெக்கானிக் உத்தியோகம் கிடைத்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாமாம். பதில் அவள் அண்ணன் விருமாண்டியின் கையெழுத்தில் வந்தது: "தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வேலை நிஜமென்றால் அங்கே விட்டுவிட்டு வருவேன். இல்லையென்றால் ஐந்து மணி பஸ்ஸில் என்னோடு திரும்பிவிடும். அதற்குப் பிறகு லெட்டர் எழுத வேண்டாம்."

கடைசி வரியை முத்திருளன் நாலு தடவை படித்தான்.

டவுன்ஹால் ரோட்டில் ரேடியோ சாமான் கடை வைத்திருந்த வெள்ளைத்துரை ஆறு சிவப்பு எல்.இ.டி.யைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "அண்ணே, இதுல கால் வந்து..." என்று ஆரம்பித்தான்.

"தம்பி, சீரியல் செட்டுலயே பொறந்து வளந்தவன்டா நானு. எனக்கே பாடமா?"

வெள்ளைத்துரை பொட்டலத்தை நீட்டிவிட்டான். நல்ல பையன், பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசமாட்டான்.

எல்.இ.டி. ஒவ்வொன்றுக்கும் கம்பி மாதிரி இரண்டு கால். ஒரு கால் நீட்டமாகவும் ஒரு கால் குட்டையாகவும் இருந்தது. 'செய்கிறவனுக்கு ஒரு சுத்தம் வேண்டாமா!' என்று முத்திருளனுக்கு எரிச்சல் வந்தது. கட்டரை எடுத்துப் பன்னிரண்டு காலையும் ஒரே அளவாக நறுக்கினான். பிறகு சீரியல் செட்டில் பல்பு கோக்கிற மாதிரியே ஆறையும் வரிசையாகக் கோத்து, ஈயம் உருக்கி ஒட்டினான். பல்புக்குத் தலையும் கிடையாது, காலும் கிடையாது. எந்தப் பக்கம் கரண்டு கொடுத்தாலும் எரியும். இதுவும் அதன் தம்பிதானே? எரிகிறதா என்று போட்டுப் பார்க்கவும் இல்லை. சாமி கிளம்பும்போதுதான் சுவிட்ச் போடவேண்டும், முன்னாடியே போட்டால் களை போய்விடும் என்பது அவன் தொழில் வழக்கம். அந்த வழக்கத்தைப் பாயின் மிஷினுக்கும் கொண்டுபோய் வைத்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தெருவே கூடியிருந்தது. 'பட்டன்களில் விளக்கு எரியும் நவீன வீடியோ கேம்' என்று பாய் நோட்டீஸ் வேறு அடித்துக் கொடுத்திருந்தார். விருமாண்டி கைக்கடிகாரத்தோடு நின்றான். அவன் பக்கத்தில் தங்கப்பொண்ணு. மெலிந்திருந்தாள். முத்திருளனைப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

பிஸ்மி சொல்லி உமர் பாரூக் சுவிட்சைப் போட்டார். திரை எரிந்தது, விமானம் பறந்தது, காது கிழியச் சத்தம் வந்தது. பட்டன் ஆறும் கம்மென்று கிடந்தன.

"வோல்டேஜ் கம்மி பாய்," என்றான் முத்திருளன்.

வாசலில் டியூப்லைட் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. உமர் பாரூக் அதைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"புது எல்.இ.டி.ல்ல, சூடேற நேரமாகும்."

கால்மணி நேரம் எல்லோரும் சூடேறக் காத்திருந்தார்கள். சூடேறியது முத்திருளனுக்கு மட்டும்தான். மிஷினின் பின்கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டான். ஒயர் எல்லாம் பார்க்க அம்புட்டு அழகாக இருந்தது. எங்கே கோளாறு என்றுதான் புரியவில்லை. வெளியே பையன்கள் விசிலடித்தார்கள். மணி நாலு.

சேலையைச் செருகிக்கொண்டு தங்கப்பொண்ணு பக்கத்தில் வந்து குந்தினாள்.

"என்ன செய்யிறீக?"

"ஒண்ணுமில்ல புள்ள, சின்ன வேலதான், எனக்குத் தெரி..."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டான். கோபம் இருந்தால்கூடத் தேவலை. அது சலித்துப்போன முகம். இந்தச் சொல்லை முடித்தால் இவளை இனிப் பார்க்கப்போவதில்லை என்று அவனுக்கே தெரிந்தது.

"தெரியல புள்ள. இந்த எழவு எப்பிடி எரியும்னே எனக்குத் தெரியாது. தையல் மிஷினும் தெரியாது. வேலை கெடச்சிருச்சுன்னு எழுதுனதும் பொய். இது எரிஞ்சாத்தான் வேலை."

தங்கப்பொண்ணு உள்ளே கிடந்த ஒயரை எட்டிப் பார்த்தாள்.

"தெரிஞ்ச ஆளு யாரு?"

"வெள்ளைத்துரைன்னு ஒரு பய. டவுன்ஹால் ரோட்டுல."

"அவங்கிட்டக் கேளுங்க."

"பாய்க்குத் தெரிஞ்சு போகுமே."

"தெரியட்டும்."

முத்திருளன் எழுந்து வந்தான். அத்தனை பேருக்கும் முன்னால், "எனக்கு இது தெரியாது பாய். தெரியும்னு சும்மா சொல்லிட்டேன்" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. உமர் பாரூக் மட்டும் சிரிக்கவில்லை. எதிரே மருந்துக் கடையில் இருந்த போனை அவனுக்குக் காட்டினார்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன்ணே," என்றான் போனில் வெள்ளைத்துரை. "இது பல்பு மாதிரி இல்ல. ஒரு பக்கந்தான் கரண்டு போகும். நீட்டுக் கால் பிளஸ்ஸு, குட்டைக் கால் மைனஸ்ஸு. வரிசையில ஒண்ணு திரும்பி இருந்தாலும் எதுவும் எரியாது."

"காலை வெட்டிட்டேன் தம்பி."

"எத்தனைக்கு?"

"ஆறுக்கும்."

அந்தப் பக்கம் வெள்ளைத்துரை கடையில் இருந்தவர்களிடம் சொல்வதும், கடை முழுக்கச் சிரிப்பதும் போனில் கேட்டது. சிரித்து ஓய்ந்ததும், டார்ச் பேட்டரி இரண்டை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னான்.

முத்திருளன் ஆறையும் கழற்றினான். பேட்டரியை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எரிந்ததும், பேட்டரியின் பிளஸ்ஸைத் தொட்ட காலுக்குத் தங்கப்பொண்ணு தன் சாந்து டப்பியைத் திறந்து ஒரு பொட்டு வைத்தாள். திரும்ப ஈயம் வைத்து முடிக்கும்போது மணி நாலே முக்கால். சுவிட்சைப் போட்டதும் ஆறு பட்டனும் ரத்தச் சிவப்பாக எரிந்தன. பையன்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து மிஷினை மொய்த்தார்கள்.

உமர் பாரூக் அவன் தோளில் கை வைத்து வெளியே அழைத்து வந்தார்.

"அழகா எரியுது மாப்ள. ஆனா மெக்கானிக் வேலைக்கு மெட்ராஸ்லருந்து ஆள் வரச் சொல்லிக்கிறேன். எம் பொழப்பு பூராம் இந்த மிஷின்லதான் கெடக்கு. தெரியாதுன்னு நீயே சொன்னதுக்கப்புறம் எப்பிடி ஒங்கிட்ட ஒப்படைக்கிறது? கோவிச்சுக்காத."

"நாயந்தான் பாய்," என்றான் முத்திருளன். ஆயுசில் ஒரு தடவை உண்மை பேசினான், அதற்கு உடனே கூலி கொடுத்துவிட்டார்கள்.

உசிலம்பட்டி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. விருமாண்டி படியில் கால் வைத்துக்கொண்டே கூப்பிட்டான்.

"அதான் வேலை இல்லன்னு ஆகிப்போச்சே. வா தங்கச்சி."

முத்திருளன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ கெளம்புண்ணே," என்றாள் தங்கப்பொண்ணு.

"என்னது? எதை நம்பி இருக்கப்போற?"

"வேலையப் பாத்து நான் வரலண்ணே. கல்யாணமாகி ஆறு வருசத்துல இந்த மனுசன் தெரியாதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்காரு. இந்த நேரம் பாத்து விட்டுட்டு வரச் சொல்றியா?"

கண்டக்டர் விசிலடித்தார். விருமாண்டி தனியாகத்தான் ஊருக்குப் போனான்.