ஒரே இடத்திலிருந்து கூப்பிட்ட பெயர்

உருத்திரபுரத்து ஓலைத் தேவாலயத்தில் கிழக்குப் பக்க வாங்குகளில் அமர்வோரும் மேற்குப் பக்க வாங்குகளில் அமர்வோரும் ஒருவரோடொருவர் கதையாமல் விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. புதிய கட்டடத்தை வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் எழுப்புவது என்பதில் தொடங்கிய சண்டை. பாட்டைக்கூட ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும்தான் பாடின. நேசமலர் மேற்குப் பக்கம். அடுத்த வளவு அன்னபாக்கியம் கிழக்குப் பக்கம். இருவரும் நுழைந்து போய்வந்த வேலிப் பொட்டை, அந்தச் சிறு இடைவெளியை, அன்னபாக்கியம் முள்ளு வைத்து அடைத்திருந்தாள்.

ஆனால் கனகராயன்குளத்தார் உதைபந்தடிக்க வந்த அந்தச் சனிக்கிழமை பின்னேரம் இது ஒருவருக்கும் ஞாபகத்தில் இல்லை. கடைக்காரர் கலந்தர் மண்ணெண்ணெய்த் தகரத்தில் தாளம் போட, ஊர் முழுவதும் ஒரே தொண்டையாகக் கத்தியது. கோல் விழுந்தபோது அன்னபாக்கியம் நேசமலரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு துள்ளினாள்.

கடைசி அடியில் பந்து திடலை ஒட்டிய காட்டுக்குள் போய் விழுந்தது. கோல் காத்த தவராசா, நேசமலரின் புருஷன், அதை எடுக்கப் போனான். போனவன் வரவில்லை.

முதலில் சிரித்தார்கள். பிறகு கூப்பிட்டார்கள். ஒருமுறை வலப்பக்கம் கிட்டத்தில் பதில் கேட்டது. அடுத்தமுறை இடப்பக்கம், மிகத் தூரத்தில். வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கிழக்குப் பக்கத்தார் வாய்க்கால் வழியாக உள்ளே போனார்கள். மேற்குப் பக்கத்தார் வண்டிப் பாதையால் போனார்கள். தேடுவதற்கும் அவர்கள் சேரவில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் கூப்பிட்ட பெயரைக் காடு வாங்கி, சற்றுத் தாமதித்துத் திருப்பிச் சொன்னது. அப்படித் திரும்பி வந்தவற்றில் ஒன்று ஊரில் எவருடைய குரலும் அல்ல என்று நேசமலருக்குப் பட்டது. குருவிகளின் சத்தம் அடங்கியிருந்தது.

அவள் உள்ளே ஓடி இரண்டு கூட்டத்தையும் மறித்தாள்.

"எல்லாரும் வெளியாலை வாங்கோ. ஒரு இடத்திலை நிண்டு கூப்பிடுவம். கோல் விழேக்கை கத்தின மாதிரி."

வெளியே வந்தவர்கள் அப்போதும் இரண்டு கும்பலாகவே நின்றார்கள். கலந்தர் நடுவில் வந்து நின்று தகரத்தைத் தட்டத் தொடங்கினார். அன்னபாக்கியம்தான் முதலில் நகர்ந்து வந்து நேசமலரின் கையைப் பிடித்தாள். மற்றவர்களும் நெருங்கினார்கள். கனகராயன்குளத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். முதற் சத்தம் சிதறியது. பிறகு மெல்ல மெல்ல ஒன்றாகி, யாருடையது என்று பிரிக்க முடியாத ஒரு பெருங்குரல் காட்டுக்குள் போனது. புருஷனின் பெயரை வாயால் சொல்லியறியாத நேசமலரும் அதைக் கத்தினாள். இம்முறை காடு எதையும் திருப்பிச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் பற்றை அசைந்தது. தவராசா வந்தான். சட்டை கிழிந்திருந்தது. கையில் பந்து இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தான்.

"ரெண்டு பக்கத்தாலையும் கூப்பிட, எங்காலை போறதெண்டு தெரியேல்லை. பிறகு நீ கிட்ட நிண்டு, எப்பவும் என்னைக் கூப்பிடுற மாதிரி 'இஞ்சாருங்கோ' எண்டாய். அதுக்குப் பின்னாலைதான் போனனான். எல்லாரும் சேர்ந்து கத்தேக்கை அந்தக் குரல் நிண்டிட்டுது."

நேசமலர் அப்படிக் கூப்பிடவேயில்லை.

விடிந்ததும் நாலைந்து பேர் போய்ப் பார்த்தார்கள். பற்றை மூடிய ஒரு பாழ்ங்கிணற்று விளிம்பில் பந்து கிடந்தது. தவராசாவின் காலடித் தடங்கள் அதற்கு ஓர் எட்டு முன்னால் நின்று திரும்பியிருந்தன.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் அன்னபாக்கியம் மேற்குப் பக்கம் வந்து நேசமலருக்குப் பக்கத்தில் இருந்தாள். கட்டடச் சண்டை அடுத்த அறுவடைவரை இழுபட்டது உண்மைதான். ஆனால் பாட்டை அன்று இரண்டு பக்கமும் ஒன்றாகவே எடுத்தன. கொஞ்சம் பயந்துபோய் எடுத்ததுபோல இருந்தது. நேசமலர் பாதியில் பாடுவதை நிறுத்தி, அந்தச் சத்தத்துக்குள் தன் குரல் இன்னும் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். அன்னபாக்கியம் திரும்பிப் பாராமல், பாடிக்கொண்டே அவளோடு இன்னும் நெருங்கி இருந்தாள்.